சாவா மூவாப் பேராடு

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் முன்பெல்லாம் முதலில் கேட்கும் ஓசை பால்காரருடைய சைக்கிள் மணியாகவும், அதற்கடுத்தது ஏதோ ஒரு வீட்டுக் குழித்தறியில் மிதி இறங்கி ஏறும் சத்தமாகவும் இருந்தன. இப்போது அவ்விரண்டையும் முந்திக்கொண்டு, முதுகில் ஒரு பையும் கையில் சிறு குளிர்ப்பெட்டியுமாக மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞன் வந்து நிற்கிறான். "ஐயா, வெறும் வயிறுதானே? காப்பி குடிச்சிடலையே?" என்று கேட்டுக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்து, முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, ஊதா மூடி, சாம்பல் மூடி, மஞ்சள் மூடி என்று மூன்று குழாய்களில் என் இரத்தத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நான் சட்டைக் கையை இறக்கிவிடுவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறான். ஆஸ்பத்திரி வாசலில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்த காலத்தை அறிந்த என் போன்ற கிழவர்களுக்கு இது ஒரு பெரிய சௌகரியம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் தெரிவித்தது. அப்படியிருக்க, இந்த மோட்டார் சைக்கிள்கள் நம் தெருக்களிலிருந்து சீக்கிரத்தில் மறையப்போவதில்லை.

இந்தச் சௌகரியத்தின் மறுபக்கத்தில் ஒரு வியாபாரம் இருக்கிறது. வியாபாரத்தில் லாபம் இருக்கிறது. லாபத்தில் பங்குதாரருக்கு எவ்வளவு, பெட்டியில் எவ்வளவு என்ற கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் அடுத்த தெருவில் வசிக்கும் என் நண்பர். பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் ஸ்தாபனங்களில் நம் நாட்டில் பெயர் பெற்றதான தைரோகேரில் பத்தே பத்துப் பங்குகளை வைத்திருப்பவர். "சார், நானும் எத்தனையோ சங்கத்துக் கணக்கைப் பார்த்தவன். வந்த லாபத்தைவிட அதிகமா பங்கு பிரிச்சுக் கொடுக்கற கணக்கை இப்பத்தான் பார்க்கறேன். இது சரிதானா?" என்றார். சரிதான் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. யோசித்துப் பார்த்ததில் எனக்கும் போதவில்லை.

தைரோகேரின் கதை தமிழ் வாசகர்களில் பலர் அறிந்தது. கோயம்புத்தூர் ஜில்லாவில் அப்பநாயக்கன்பட்டிப் புதூர் என்ற கிராமத்தில், நிலமில்லாத விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்த ஆ. வேலுமணி, தாயார் எருமை வளர்த்துப் பால் விற்ற வருமானத்தில் படித்து, மாத்திரைக் கூடு செய்யும் சிறு கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, அது மூடப்பட்ட பின் 1982-இல் பம்பாய்க்குப் போய் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்து, தைராய்டு பற்றிய ஆராய்ச்சியில் டாக்டர் பட்டமும் பெற்று, பிறகு அந்த நிரந்தரமான சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டு, சேமநலநிதிப் பணத்தைக் கொண்டு 1996-இல் தொடங்கிய ஸ்தாபனம் அது. தேசமெங்குமுள்ள சிறு சேகரிப்பு நிலையங்களிலிருந்து இரத்தக் குழாய்கள் விமானத்தில் இரவோடு இரவாக மும்பைக்கு வந்து சேர வேண்டும். அங்கே ஒரே பெரிய ஆய்வுக்கூடத்தில் இயந்திரங்கள் இரவெல்லாம் ஓட வேண்டும். காலையில் ரிப்போர்ட் போய்விட வேண்டும் என்பதுதான் அவர் கண்ட உபாயம். ஒரே இடத்தில் திரளான பரிசோதனைகள் நடப்பதால் ஒவ்வொன்றின் அடக்க விலை குறைந்தது. விலை குறைந்ததால் திரள் மேலும் பெருகிற்று.

இந்த வியாபாரத்தின் இயல்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால்தான், லாபத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஈவுத்தொகையின் விவகாரம் புரியும். பட்டுப்புடவை வியாபாரியைப் போல ஆறு மாதச் சரக்கை அலமாரியில் முடக்கி வைக்க வேண்டிய அவசியம் இரத்தப் பரிசோதனைக்காரருக்கு இல்லை. சோதிக்க வருகிறவர் பெரும்பாலும் முன்கூட்டியே பணத்தைக் கொடுத்துவிடுகிறார். லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்தைக்கூட இத்துறையில் பல சமயம் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய ரசாயனத்தை இத்தனை வருஷத்துக்கு என்னிடமே வாங்கு என்ற ஒப்பந்தத்தின்மேல், இயந்திரத்தைச் செய்பவனே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். ஆகவே நன்றாக நடக்கும் பரிசோதனை ஸ்தாபனத்தில் மூலதனம் சொற்பமாகவே முடங்குகிறது. ரொக்கம் தாராளமாகச் சேருகிறது. 2016-ஆம் வருஷம் ஏப்ரல் கடைசியில் தைரோகேர் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு 446 ரூபாய் விலையில் விற்பனைக்கு விட்டபோது, அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கம்பெனிக்குள் போகவில்லை. பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கின் ஒரு பகுதியை விற்றார்கள், புதியவர்கள் வாங்கினார்கள், அவ்வளவுதான். கடன் கிடையாது, பெரிய செலவும் காத்திருக்கவில்லை. அப்படிப்பட்ட ஸ்தாபனம் லாபத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு என்ன செய்யும்? பங்கு பிரித்துக் கொடுப்பதுதான் யோக்கியமான வழி. அதையே அது செய்து வந்தது.

2021-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் வேலுமணி தம்முடைய குடும்பத்தின் பங்கையும் தம்மைச் சேர்ந்தவர்களின் பங்கையும், மொத்தத்தில் நூற்றுக்கு 66 பாகத்தை, பங்கொன்றுக்கு 1,300 ரூபாய் வீதம் 4,546 கோடி ரூபாய்க்கு, ஃபார்ம்ஈஸி என்ற பெயரில் மருந்து விற்கும் கம்பெனியின் தாய் ஸ்தாபனமான ஏபிஐ ஹோல்டிங்ஸுக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் சொந்தப் பணத்தில் மட்டும் வாங்கவில்லை, கடனும் வாங்கினார்கள். அந்தக் கடனுக்கும் அதை அடைக்க வாங்கிய அடுத்த கடனுக்கும் தைரோகேரின் பங்குகள் ஈடாக நின்றன. பங்குச் சந்தையில் 6,250 கோடி ரூபாய் திரட்டுவதற்கென்று 2021 நவம்பரில் அவர்கள் போட்டிருந்த மனுவை மறு வருஷமே வாபஸ் வாங்கிக்கொள்ளும்படி நேர்ந்தது. ஆக, குழந்தை கடனில்லாமல் காசும் கையுமாக இருக்கிறது. தாய் கடனில் இருக்கிறாள்.

இனி என் நண்பர் காட்டிய கணக்குக்கு வருகிறேன். 2023-24-ஆம் வருஷத்துக்குத் தைரோகேர் பங்கொன்றுக்கு 18 ரூபாய் ஈவுத்தொகை கொடுத்தது. அப்போது பங்குகள் ஏறத்தாழ 5 கோடியே 30 லட்சம். ஆகையால் கொடுத்தது சுமார் 95 கோடி ரூபாய். அந்த வருஷத்து நிகர லாபமோ சுமார் 70 கோடிதான். 2024-25-ஆம் வருஷத்துக்கு 21 ரூபாய், அதாவது சுமார் 111 கோடி. லாபம் சுமார் 90 கோடி. நூறு சம்பாதித்து நூற்றிருபதுக்கு மேல் கொடுப்பதென்றால், குடும்பஸ்தன் யாரும் திடுக்கிடத்தான் செய்வான். ஆனால் கணக்கு எழுதத் தெரிந்தவர் உடனே ஒரு சமாதானம் சொல்வார். இயந்திரத் தேய்மானமென்றும், ஊழியர்களுக்குக் கொடுக்கும் பங்குரிமையின் மதிப்பென்றும் லாபத்திலிருந்து கழிக்கப்படும் தொகைகள் அந்த வருஷத்தில் ரொக்கமாக வெளியே போவதில்லை. ஆகவே ஏட்டிலுள்ள லாபத்தைவிடப் பெட்டியிலுள்ள பணம் அதிகம். போதாததற்கு முன்வருஷங்களில் மிஞ்சிய கையிருப்பும் உண்டு. இந்தச் சமாதானத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அது பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றித்தான் என் விசாரம்.

அந்த விசாரத்துக்கு வேண்டிய சொல்லை இந்த ஊரே எனக்குக் கொடுத்தது. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கச்சிப்பேடு என்று அக்காலத்தில் வழங்கிய இதே காஞ்சியில், ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்குரிய பொன்னைச் சில சேரிகளின் குடிகளிடம் ஒப்படைத்து, அதன் வட்டியைக் கொண்டு கோயில் செலவை நடத்தும் ஏற்பாட்டை அது விவரிக்கிறது. கோயிற் கணக்கை மேற்பார்வை செய்யும் பொறுப்பு இவ்வூரில் குடியிருந்த நெசவாளர் கையில் இருந்ததையும் சொல்கிறது. அக்கால மொழியில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். பொலிசையைச் செலவு செய்யலாம், பொன்னைத் தொடக் கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இவ்வூர் நெசவாளருக்கு அசலும் வட்டியும் வெவ்வேறு என்ற பாடத்தை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

பொன்னைக் காட்டிலும் ஆடுதான் இங்கே எனக்கு அதிகம் உதவுகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைத் தானமாக விட்ட செய்தி மறுபடி மறுபடி வரும். அந்த ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் கொண்டுவந்து கோயிலில் அளக்க வேண்டும். அவற்றுக்குக் கல்வெட்டு இட்ட பெயர் சாவா மூவாப் பேராடு. ஆடு சாகாதா, அதற்கு மூப்பு வராதா என்று கேட்டால், தாராளமாகச் செத்தன, தாராளமாக மூத்தன. ஆனால் செத்ததன் இடத்திலும் மூத்ததன் இடத்திலும் குட்டிகள் வந்து நின்று, மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையக் கூடாது என்பது நிபந்தனை. நெய்யை அளக்க வேண்டிய அவசரத்தில் குட்டிகளை விற்றுவிட்ட இடையர் சில வருஷம் வரையில் உழக்கு நெய்யைத் தவறாமல் கொண்டுவந்து கொடுத்திருப்பார், விளக்கும் எரிந்திருக்கும், கோயில் கணக்கிலும் குறை தெரிந்திராது. மந்தை மூத்துப்போன பிறகுதான் விஷயம் வெளியாகியிருக்கும்.

தேய்மானம் ரொக்கச் செலவல்லவே, அதைப் பங்கு பிரித்தால் என்ன என்று கேட்பவர்களிடம் இந்த ஆட்டுக்குட்டியைத்தான் நான் காட்ட விரும்புகிறேன். இந்த வருஷம் ரொக்கம் வெளியே போகவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் இயந்திரத்துக்கு வயதாகிறது; குளிர்ப்பெட்டிக்கு வயதாகிறது; ரிப்போர்ட்டை நம் கைபேசிக்கு அனுப்பும் கணினி ஏற்பாட்டுக்கு எல்லாவற்றையும்விடச் சீக்கிரமாக வயதாகிறது. தேய்மானமாகக் கழித்த தொகை என்பது பிறக்க வேண்டிய குட்டி. ஒரு வருஷம், இரண்டு வருஷம், பழைய கையிருப்பு ஏராளமாக இருக்கும்போது லாபத்துக்கு மேலே கொடுத்தால் அதைக் குற்றம் என்று சொல்லமாட்டேன். உபயோகமற்றுக் கிடக்கும் பணத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது நிர்வாகத்தின் நேர்மைக்கே அத்தாட்சி. அதையே வருஷா வருஷம் வழக்கமாக்கிக்கொண்டால், எந்த வருஷத்தில் நெய் நின்றது, எந்த வருஷத்தில் குட்டி விற்கத் தொடங்கிற்று என்பதைப் பங்குதாரரால் கண்டுபிடிக்கவே முடியாமல் போகும்.

எல்லா வியாபாரத்துக்கும் பொருந்தும் இந்த எச்சரிக்கை, இரத்தப் பரிசோதனை வியாபாரத்துக்கு ஏன் விசேஷமாகப் பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் இருப்பவனுக்கு அதை விளக்கச் சரிகையைத் தவிர வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. நல்ல சரிகையில் நூற்றுக்கு 40 பாகம் போல வெள்ளியும் அரைப் பாகம் போலத் தங்கமும் இருக்க வேண்டும். வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினாலும் கண்ணுக்கு மின்னும் மின்னல் ஒன்றுதான். கல்யாணத்துக்கு எடுத்த புடவை பத்து வருஷம் கழித்துக் கறுக்கும்போது, விற்ற கடைக்காரர் எங்கே, வாங்கிய பில் எங்கே? அப்படி வெள்ளியைக் குறைத்த வருஷத்தில் அந்த வியாபாரிக்கு லாபம் கூடியிருக்கும். கூடிய லாபத்திலிருந்து தம்பிமாருக்குப் பங்கும் கூடியிருக்கும். அது லாபமே அல்ல, கடையின் பெயரை உருக்கி எடுத்த பணம் என்பது கணக்கேட்டில் எங்கும் எழுதப்பட்டிராது. தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் என்ற பெயரில் சர்க்காரே இவ்வூரில் ஒரு தொழிற்சாலையை நடத்தி வருவதும், சரிகையைச் சோதிக்க இயந்திரங்கள் இங்கே வந்ததும் இந்தக் கஷ்டத்தினால்தான்.

இரத்தக் குழாய்க்குள்ளும் இப்படி ஒரு சரிகை இருக்கிறது. உடம்பை விட்டு வெளியே வந்த இரத்தத்திலும் அணுக்கள் உயிரோடு இருப்பதால், அவை அதிலுள்ள சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. மணிக்கு நூற்றுக்கு ஐந்து ஆறு பாகம் வீதம் அது குறையக்கூடும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் ஃப்ளோரைடு போட்டிருக்கிறார்கள். அதுவும் முழுவேகத்தில் வேலை செய்ய நேரம் பிடிக்கிறது என்பதால் குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டி வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில், வரதராஜப் பெருமாளின் கருடசேவைக் கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்ட மோட்டார் சைக்கிளில், பனிக்கட்டி உருகிப்போன பெட்டிக்குள் குழாய் குலுங்கிக்கொண்டு கிடந்தால் சர்க்கரை குறைவாகவும், அணுக்கள் உடைந்து பொட்டாசியம் கூடுதலாகவும் வரும். ஆனால் ரிப்போர்ட் அதே வழவழப்பான எழுத்தில், அதே தசமப் புள்ளியோடு, அதே நேரத்தில் கைபேசிக்கு வந்துவிடும். வெப்பத்தினால் வந்த எண்ணா, வியாதியினால் வந்த எண்ணா என்று நாமும் அறியோம். பல சமயம் டாக்டரும் அறியார்.

இந்த அறியாமைக்கு ஒரு பரிகாரம் உண்டு. அது நம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை, விடை தெரியாத மாதிரிகளைத் தேசமெங்குமுள்ள ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி, மாதந்தோறும் அவர்கள் கண்ட எண்ணை மற்றவர்கள் கண்ட எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஏற்பாட்டை நெடுங்காலமாக நடத்தி வருகிறது. அதில் சேருவதற்கும், தினந்தோறும் நோயாளியின் இரத்தத்துக்கு முன்னால் தரக் கட்டுப்பாட்டு மாதிரியை ஓட்டிப் பார்ப்பதற்கும், பிசகினால் அன்றைய எண்களையெல்லாம் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டுவதற்கும் பணம் செலவாகிறது. இந்தச் செலவைச் செய்தால் லாபம் குறையும், செய்யாவிட்டால் லாபம் கூடும். இரண்டிலும் நோயாளிக்குக் கிடைக்கும் காகிதம் ஒன்றுபோலவே இருக்கும். இப்படியொரு தொழிலில் 'லாபத்தில் இத்தனை பாகம் பங்குதாரருக்கு' என்று முன்கூட்டியே ஒரு விகிதத்தை எழுதி வைத்துவிட்டு அதை எட்டிப் பிடிக்க ஓடுகிற நிர்வாகம், தான் ஓடுவது எதன்மேல் என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது. நான் பெயர் சொன்ன ஸ்தாபனம் அப்படிச் செலவைக் குறைத்தது என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை, சொல்லவும் இல்லை. நான் சொல்வது தொழிலின் இயல்பை.

சட்டத்தின் பாதுகாப்பு என்ன என்று கேட்கலாம். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டம், தேய்மானத்தைக் கழித்த பின் நிற்கும் இவ்வருஷ லாபத்திலிருந்தோ, முன்வருஷங்களின் பகிரப்படாத லாபத்திலிருந்தோதான் ஈவுத்தொகை கொடுக்கலாம் என்கிறது. அறிவித்த ஐந்து நாளில் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும், முப்பது நாளில் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்கிறது. டைரக்டர்கள் சிபாரிசு செய்த தொகையைப் பங்குதாரர் மகாசபை குறைக்கலாமே தவிர ஒரு பைசாகூடக் கூட்ட முடியாது. பேராசைக்காரப் பங்குதாரர்களிடமிருந்து கம்பெனியைக் காப்பாற்றப் போட்ட வேலி அது. ஆனால் முக்கால்வாசிப் பங்கை ஒருவரே வைத்திருந்து டைரக்டர் சபையிலும் அவருடைய மனிதர்களே நிறைந்திருந்தால் வேலிக்கு உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் ஒருவரே. பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் இடங்களில் இருக்கும் கம்பெனிகள் தத்தம் ஈவுத்தொகைக் கொள்கையை எழுதிப் பிரசுரிக்க வேண்டும் என்று, சந்தையை மேற்பார்வை செய்யும் செபி விதித்திருக்கிறது. அவற்றில் சிலவற்றை வாசித்தேன். உள் காரணங்கள், வெளிக் காரணங்கள், பொருளாதார நிலை, சட்ட நிலை என்று எல்லாவற்றிலும் ஒரே வாசகம். கல்யாணப் பத்திரிகையைப் போலப் பெயர்கள் மட்டும் மாறுகின்றன.

கூட்டுறவுச் சங்கச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் கறாரானது. சேமநிதிக்கு ஒரு பாகத்தை எடுத்து வைத்த பிறகுதான் அங்கத்தினரின் பங்குத்தொகைக்கு ஈவு. அந்த ஈவுக்கும் உச்சவரம்பு உண்டு. தீபாவளிக்கு முன் சங்கத்தில் பணம் வாங்க நிற்கும் நெசவாளர்கள் அந்த வரம்பைத் திட்டிக்கொண்டுதான் நின்றார்கள் என்று என் நண்பர் சொல்வார். வரம்பு இருந்ததனால் எல்லாச் சங்கங்களும் செழித்துவிடவில்லை என்பதையும் அவரே சொல்வார்; விற்காத புடவையைக் கிடங்கில் வைத்துக்கொண்டு அதையும் லாபமாக எழுதிய கணக்குகளை அவர் கண்டிருக்கிறார். ஆகையால் சட்டத்தில் ஓர் எண்ணை எழுதி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை.

தாய் ஸ்தாபனத்தின் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. கடன்பட்ட எஜமானன் கடனில்லாத கம்பெனியின் ரொக்கத்தைப் பார்க்கும்போது அவனுக்குப் பல வாசல்கள் திறந்திருக்கின்றன. கம்பெனியிடமிருந்தே கடன் வாங்கலாம். ஆலோசனைக் கட்டணம் என்று மாதாமாதம் வாங்கலாம். தன் மற்றக் கம்பெனிகளின் சேவையை அதிக விலைக்கு இதன் தலையில் கட்டலாம். இவையெல்லாம் பின்வாசல்கள், சிறு பங்குதாரருக்கு இவற்றால் காலணா கிடையாது. ஈவுத்தொகை ஒன்றுதான் முன்வாசல். எஜமானனுடைய பங்குக்கு 21 ரூபாய் என்றால் என் நண்பருடைய பங்குக்கும் அதே 21 ரூபாய். ஊரறிய அறிவித்து, நாள் குறித்து, எல்லோருக்கும் ஒரே அளவில் அளந்தாக வேண்டும். அந்தக் காரணத்தினால், பெரிய ஈவுத்தொகையைக் கண்டு எஜமானன் கம்பெனியைச் சுரண்டுகிறான் என்று கூச்சலிடுவோரின் கட்சியில் நான் சேரமாட்டேன். முன்வாசலால் போவதை எண்ணிப் பார்க்கலாம். இருந்தாலும், எவ்வளவு கொடுப்பது என்பதைக் குழந்தையின் ஜீரண சக்தியைக் கொண்டு தீர்மானித்தார்களா, தாயின் தவணைத் தேதியைக் கொண்டு தீர்மானித்தார்களா என்று கேட்க வேண்டிய கடமை சுயேச்சையான டைரக்டர்களுக்கு இருக்கிறது. அவர்கள் சம்பாவனை வாங்குவது அதற்காகத்தான்.

கொடுக்காமல் வைத்துக்கொள்வதே புண்ணியம் என்றும் யாரும் எண்ண வேண்டாம். கொள்ளை நோய்க் காலத்தில் பரிசோதனை ஸ்தாபனங்களின் வாசலில் பணம் வெள்ளமாக வந்தது. அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்துக் கியூ ஹெல்த் என்ற கம்பெனி, கொரோனாவை வீட்டிலேயே கண்டறியும் சிறு கருவியைச் செய்து புகழ்பெற்று, 2021 செப்டம்பரில் பங்கொன்று 16 டாலர் என்று ஜனங்களுக்கு விற்றது. நோய் தணிந்ததும் வாங்குவோர் குறைந்தனர். இருந்த பணத்தையெல்லாம் அடுத்தடுத்த பரிசோதனைகளைக் கண்டுபிடிப்பதில் போட்டு, ஒன்றும் கரை சேராமல், 2024 மே மாதத்தில் கதவைச் சாத்திவிட்டது. வெள்ளத்தில் வந்ததில் ஒரு பாகத்தை வந்த வருஷமே பங்குதாரருக்குக் கொடுத்திருந்தால் அவர்களுக்காவது ஏதேனும் மிஞ்சியிருக்கும். நம் பக்கத்திலும் 2021-22-க்குப் பிறகு பரிசோதனைக் கம்பெனிகளின் லாபம் சரேலென்று இறங்கிற்று, தைரோகேருக்கும் இறங்கிற்று. வெள்ளத்து வருஷத்தின் ஈவை வறட்சி வருஷத்திலும் குறையாமல் கொடுப்பது கௌரவம் என்று நினைப்பதில்தான் அபாயம் இருக்கிறது.

எனக்குத் தோன்றும் யோசனை பெரிய பொருளாதார சாஸ்திரம் எதுவும் அல்ல. இத்தகைய ஸ்தாபனம், எந்த வருஷத்திலும் தடையின்றிக் கொடுக்கக்கூடிய சிறிய ஈவு ஒன்றை நிலையாக வைத்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் கொடுப்பதை விசேஷ ஈவு என்று தனிப் பெயரிட்டு, அது இவ்வருஷ லாபத்திலிருந்தா, தேய்மானமாக ஒதுக்கிய பணத்திலிருந்தா, பழைய கையிருப்பிலிருந்தா என்று ஒரே வரியில் எழுதட்டும். அதே பக்கத்தில், அந்த வருஷத்தில் தரக் கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு செலவாயிற்று, எத்தனை மாதிரிகள் வெயிலிலும் வழியிலும் கெட்டுத் தள்ளப்பட்டன, வீடு வீடாகப் போகும் பையனுக்கு ஒரு வீட்டுக்கு என்ன கூலி கிடைத்தது என்பதையும் எழுதட்டும். கடைசியாகச் சொன்னதை நான் தயையினால் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்ட பையன் ஒரு காலையில் பத்து வீட்டுக்குப் பதில் பதினெட்டு வீட்டுக்குப் போவான். பதினெட்டாவது வீட்டுக் குழாய் குளிர்ப்பெட்டிக்குள் போவதற்குள் முதல் வீட்டு இரத்தத்துக்கு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

சின்னஞ்சிறு கம்பெனிகளுக்கும் இது பொருந்துமா என்றால், வேறு விதமாகப் பொருந்தும். நம் ஜில்லாத் தலைநகரங்களில் அண்ணனும் தம்பியும் மைத்துனனுமாகச் சேர்ந்து நடத்தும் பரிசோதனை நிலையங்கள் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவாகி இருக்கின்றன; அங்கே ஈவுத்தொகை என்ற பேச்சே எழுவதில்லை. வரி கட்டி ஈவு வாங்குவானேன் என்று சம்பளமாகவும், வாடகையாகவும், கைமாற்றாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். இதை அறிந்துதான் வருமான வரிச் சட்டம், சிலர் மட்டுமே பங்கு வைத்துள்ள கம்பெனி தன் முக்கியப் பங்குதாரருக்குக் கொடுக்கும் கடனையும் ஈவாகவே பாவித்து வரி கேட்கிறது. வரிக்காரரைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இப்படிப்பட்ட நிலையத்தில் எது வருஷத்து லாபம், எது புது இயந்திரத்துக்கான பணம் என்று எஜமானனுக்கே தெரியாது. பெண்ணின் கல்யாணம் வந்தால் இரண்டும் ஒன்றாகக் கரைந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை மூன்று பேர் உட்கார்ந்து, கணக்கைத் தீர்த்து, சொற்பமானாலும் ஈவு என்று ஒன்றை முறைப்படி பிரித்துக்கொண்டால், பிரிக்காமல் விட்டது எவ்வளவு என்பதாவது அவர்களுக்குத் தெரியவரும்.

இவ்வளவையும் என் நண்பரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பேராட்டுக் கதை மட்டும் பிடித்திருந்தது என்றார். இடையர் குட்டியை விற்றால் கோயிலுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. யாராவது போய் மந்தையை எண்ணித்தான் பார்க்க வேண்டும் என்றேன். அவருக்கு வந்த ஈவுத்தொகை பத்துப் பங்குக்கு 210 ரூபாய். அதை என்ன செய்தீர்கள் என்று விசாரித்தேன். டாக்டர் கொழுப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். போனில் பதிவு செய்துவிட்டாராம். நாளைக் காலை ஆறு மணிக்குப் பையன் வருகிறானாம். "இருநூத்திப் பத்து போதலை சார், மேற்கொண்டு கையிலேருந்து போட்டேன்" என்று சொல்லிவிட்டு, இராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்பது ஞாபகம் வந்து அவசரமாக வீட்டுக்குப் புறப்பட்டார்.